கடைசி வரைபடம் எது?

குரூப் அசைன்மென்ட் செய்த எல்லாருக்கும் இது தெரியும்: 'பைனல்', 'பைனல் 2', 'உண்மையான பைனல்' எண்டு மூண்டு பைல் இருக்கும். பிழையானதை அனுப்பினால் எங்களுக்குப் போறது கொஞ்சப் புள்ளிதான். ஆனால் அது ஒரு காரின் பிரேக் வரைபடமாக இருந்தால்? பழைய அளவில் இரும்பை வெட்டியாச்செண்டால் திரும்ப ஒட்ட ஏலாது.

இந்தப் பிரச்சினைக்கான மென்பொருளை உற்பத்தித் தரவு முகாமைத்துவம், சுருக்கமாக பிடிஎம் என்பார்கள். அது கணினி யுகத்தின் கண்டுபிடிப்பு என்றுதான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1842இல் ஜோன் ஹேர்ஷல் சயனோடைப் எனும் நீலநிறப் படியெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். புளூபிரிண்ட் அதிலிருந்து வந்தது. மூலப்படம் வரைபட அலுவலகத்தில் பத்திரமாக இருக்கும். தொழிற்சாலைக்குப் போவது நீலப் பிரதி. ஒரு அளவு மாறினால் மூலப்படத்தின் ஓரத்துக் கட்டத்தில் ஏ, பி, சி என்று அடுத்த எழுத்தும் திகதியும் கையொப்பமும் விழும். பிறகு பழைய பிரதிகளைத் திருப்பி வாங்கவேண்டும். இதையெல்லாம் பதிவேட்டில் எழுதிக் காத்தவர் ஒரு கிளாக்கர். மூலப்படத்தை மையால் படியெடுத்தவர்கள், பிரித்தானியக் கப்பல் கட்டும் தளங்களில், பெரும்பாலும் பெண்கள். இயந்திரங்களின் வரலாற்றில் இவர்களுக்கு அனேகமாக இடமில்லை.

1982இல் ஓட்டோகேட் வந்தது. சின்னக் கணினியிலேயே வரையலாம், அழிக்கலாம், கொப்பி பண்ணலாம். கிளாக்கரிட்டக் கேட்கத் தேவையில்லை. அவருடைய வேலை போச்சு. அவர் காத்த ஒழுங்கும் அதோட போச்சு.

அந்த ஒழுங்கைக் கணினிக்குள் திரும்பக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானது ஒரு பலவீனமான கம்பனி. அமெரிக்கன் மோட்டர்ஸிடம் ஜெனரல் மோட்டர்ஸ், போர்ட் போல பணமும் இல்லை, ஆட்களும் இல்லை. 1985 அளவில் அதன் பொறியியல் பொறுப்பில் இருந்த பிரான்சுவா காஸ்டாங் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, கணினி வரைவு. மற்றது, எல்லா வரைபடங்களும் ஆவணங்களும் ஒரே மையத் தரவுத்தளத்தில் இருக்கவேண்டும் என்பது. மாற்றம் எல்லாருக்கும் தெரிந்ததால், பிந்திக் கண்டுபிடித்துத் திருத்தும் செலவு குறைந்தது. 1987இல் கிறைஸ்லர் அந்தக் கம்பனியை வாங்கி, முறையையும் தனதாக்கியது. அங்கே தொடங்கிய ஜீப் கிராண்ட் செரோக்கி 1992 ஜனவரியில் டெட்ராயிட் கண்காட்சியின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அறிமுகமானது. எல்லாரும் நினைவில் வைத்திருப்பது அந்தக் கண்ணாடியைத்தான்.

பிடிஎம் செய்வது நூலகத்தில் புத்தகம் இரவல் எடுப்பது போல. நான் ஒரு பைலை எடுத்தால் மற்றவர்கள் பார்க்கலாம், மாற்ற முடியாது. திருப்பி வைக்கும்போது புதுப் பதிப்பு எண் விழும். ஒரு ஆணியின் அளவை மாற்றினால் அது எந்தெந்தப் பாகத்தில் இருக்கிறது என்றும் சொல்லும்.

பணம் மட்டும் போதாது என்பதற்கு ஏர்பஸ் ஏ380 சாட்சி. ஹம்பேர்க்கில் கேட்டியா மென்பொருளின் 4ஆம் பதிப்பு, துலூசில் 5ஆம் பதிப்பு. ஒரு பக்கம் செய்த மாற்றம் மற்றப் பக்கத்துக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஒரு விமானத்தில் 500 கிலோமீற்றருக்கும் மேல் வயர். பொருத்தப் போனால் நீளம் காணாது. 2006இல் இது பெரிய நெருக்கடியாக வெடித்தது. முதல் விமானம் 2007 ஒக்டோபரில்தான் கையளிக்கப்பட்டது.

ஆகவே நாலைந்து பேர் கொண்ட வரைவுக் குழு ஒன்று பிடிஎம்முக்கு மாறுவதெண்டால், மென்பொருளைத் தெரிவுசெய்ய முதல் மூன்று விஷயத்தைக் கதைத்து முடிக்கவேணும். பாகத்துக்கு இலக்கம் யார் குடுக்கிறது? யார் ஒப்புதல் தந்தால் வரைபடம் தொழிற்சாலைக்குப் போகலாம்? பழைய பிரதிகளை என்ன செய்யிறது? மூண்டும் அந்தக் கிளாக்கரின் வேலைதான். அதை 'சின்ன வேலை' எண்டு ஒருத்தரிட்டயும் ஒப்படைக்காமல் விட்டால், எவ்வளவு விலை குடுத்து வாங்கிய மென்பொருளாலும் பிரயோசனமில்லை.