ஒரு முறைக்கு இருபது வருஷம்

கல்லூரியில் இரண்டு வருஷம் சரித்திரம் படித்தவன் நான். ராஜாக்களின் பிழைகளையெல்லாம் பரீட்சைக் காகிதத்தில் தாராளமாகக் கண்டித்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் தமக்கை மகனிடம் 'சிவிலைசேஷன்' என்ற கம்ப்யூட்டர் ஆட்டம் கற்க உட்கார்ந்தேன்.

சிட் மெயரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கி, 1991-இல் வெளிவந்த ஆட்டம் அது. சதுரங்கம் போல முறை வைத்து ஆடுவது. கி.மு. 4000-இல் தொடங்கும். சுற்றிலும் இருட்டு; நம் குடியேற்றக் கூட்டம் நடக்க நடக்கத்தான் பூமி தெரியும். நல்ல ஆற்றங்கரை தேடி நடத்திக்கொண்டே போனேன்.

"மாமா, ஒரு முறைக்கு இருபது வருஷம்! நீங்கள் நானூறு வருஷத்தைத் தொலைத்துவிட்டீர்கள்" என்றான் பையன்.

1824-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் ஒரு போர் விளையாட்டை வெளியிட்டார். அதில் ஒரு முறை இரண்டே நிமிஷம். பகடை உருட்டி, ஒவ்வொரு படையிலும் எத்தனை சேதம் என்று கணக்கிட வேண்டும்.

எனக்கு அந்தக் கணக்கும் இல்லை. முதல் ஊருக்குக் காவல் வைக்காமல் பறிகொடுத்தேன். அடுத்த ஆட்டத்தில் பயம் வந்துவிட்டது. பக்கத்துச் சிற்றூர் வளர்ந்துவிடுமோ என்று படையை அனுப்பினேன். ஜனத்தொகை ஒன்றே உள்ள ஊரைப் பிடித்தால் அது நமக்குக் கிடைக்காது, படத்திலிருந்தே அழிந்துபோகும். அழிந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அங்கே யார் இருந்தார்கள் என்பது நாவல் எழுதுகிறவன் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எனக்கு அது தோன்றியபோது, அடுத்த இருபது வருஷம் கழிந்துவிட்டிருந்தது.