மலைப்பிள்ளைகளும் மறைக்கப்பட்ட பக்கங்களும்

1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்கள் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டார்கள். 1901-இல் தங்கள் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளியையும் திறந்தார்கள். ஹைகிளர்க் என்று பெயர் பெற்ற அந்தப் பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. ஊர்விட்டு ஊர் வந்த பிள்ளைகள் தங்கள் மொழியில், தங்கள் நாட்டுப் பாடமுறையில் படிக்க அங்கே வழி பிறந்தது.

அதே மலையில் பளியர் என்ற பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தார்கள். காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டி எடுப்பார்கள். கொடியை முறுக்கிக் கயிறாக்கி, செங்குத்துப் பாறையில் இறங்கி மலைத்தேன் எடுப்பார்கள். அவர்களைப் பற்றியும் சிலர் எழுதினார்கள். யேசு சபைத் துறவி டாமென் 1908-இல் 'அந்த்ரொபோஸ்' ஆய்விதழில் எழுதினார். 1909-இல் வெளிவந்த தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதி நூலிலும் பளியர்கள் இடம்பெற்றார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள், வெளியாருக்காக, ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புகள் அவை. பளியர் குழந்தை மடியில் வைத்துப் படிப்பதற்கென்று எழுதப்பட்டவை அல்ல.

பள்ளிப் புத்தகத்தில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்ற சண்டை தமிழ்நாட்டில் வெளிப்படையாக வெடித்தது 2011-இல். மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்த கல்வியை ஒன்றாக்க 2010-இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு மே மாதம் ஆட்சி மாறியதும் புதிய அரசு அதை நிறுத்திவைத்தது. அச்சாகிவிட்ட புத்தகங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஜூன் 15-இல் பள்ளிகள் திறந்தபோது பிள்ளைகள் கையில் பாடநூல் இல்லை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்குமாக அலைந்து, ஆகஸ்ட் 9-இல்தான் சமச்சீர் கல்வியை நடத்தியே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

புத்தகம் வந்தது, முழுதாக வரவில்லை. முன்னாள் முதல்வர் கருணாநிதியின் எழுத்தும் பெயரும் இருந்த இடங்களில் தாள் ஒட்டப்பட்டது. கறுப்பு மை பூசப்பட்டது. ஒட்டிய தாளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காத பிள்ளை எந்த ஊரில் உண்டு? மலைமேல் உள்ள அரசுப் பள்ளிகளுக்கும் அதே பாடநூல்தான்.

2016-இல் இன்னொன்று நடந்தது. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை உரிமைக்காகப் போராடி, 1859-இல் அரச ஆணை பெற்ற வரலாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் இருந்தது. அதிலுள்ள குறிப்புகள் தங்களை இழிவுபடுத்துகின்றன என்று நாடார் சமூகத்திலிருந்து எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால், அந்தப் பகுதியிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று வாரியம் கைகழுவியது. தவறு இருந்தால் திருத்தியிருக்க வேண்டும். வெட்டியதால், போராடி வென்ற பெண்களையும் சேர்த்துத்தான் பிள்ளைகள் இழந்தார்கள்.

மறைப்பதும் வெட்டுவதும் அல்லாத இன்னொரு வழியும் உண்டு என்பதைக் கொடைக்கானலில் ஆசிரியராக இருந்த ஜாய் விட்டேகரின் கதைகள் காட்டுகின்றன. சென்னை தூலிகா பதிப்பகம் வெளியிட்ட 'கண்ணா பன்னா'வில் பார்வையற்ற சிறுவன் ஒருவன் உறவினர்களோடு குகைக் கோயிலுக்குப் போகிறான். திடீரென்று விளக்கு அணைந்துவிடுகிறது. கண்ணுள்ளவர்கள் தடுமாற, இருட்டில் நடந்து பழகிய அவன்தான் எல்லோரையும் வெளியே அழைத்துவருகிறான். அவன்மேல் இரக்கப்படும்படி கதை கேட்கவில்லை. அவனுக்குத் தெரிந்ததை மதிக்கிறது.

தமிழக அரசு 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்குத் தருகிறது. அந்த வரிசையில் தேன் எடுக்கும் பளியர் வீட்டுப் பிள்ளையின் கதையும், கொடைக்கானல் மலைக்கிராமமான பூம்பாறையின் பூண்டு வயலில் வளரும் பிள்ளையின் கதையும் சேர வேண்டும். மலைப்பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளையே சொல்லச் சொல்லி, அவர்கள் சொல்லும் தமிழிலேயே எழுதிவைக்க வேண்டும். அதை அச்சிடுவது அரசின் கடமை.