பாட்டால் எழுந்த மொழி: பின்லாந்து

ஐரோப்பாக் கண்டத்தின் வடபால், மேற்கே சுவீடனும் கிழக்கே உருசியாவும் எல்லைகளாக அமைந்திருக்கும் நாடு பின்லாந்து. அதன் பரப்பு ஏறத்தாழ 3,38,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகையோ 56 இலட்சத்தளவே. நிலத்தில் நான்கில் மூன்று பங்கு காடு. பெரியவும் சிறியவுமாக 1,80,000க்கு மேற்பட்ட ஏரிகள் உள்ளன. வடகோடியில் கோடையில் பல வாரம் கதிரவன் மறைவதில்லை. குளிர்காலத்தில் பல வாரம் தோன்றுவதுமில்லை.

பெரும்பாலோர் பேசுவது பின்னிஷ் மொழி. அஃது எஸ்தோனிய மொழிக்கு நெருங்கிய உறவு. அங்கேரிய மொழிக்குத் தொலைவுறவு. தமிழைப் போன்றே அதுவும் ஒட்டுநிலை மொழி. ‘தலோ’ என்பது வீடு, ‘தலோஸ்ஸா’ வீட்டில், ‘தலோஸ்ஸானி’ என் வீட்டில். இஃது அமைப்பில் காணும் ஒப்புமையேயன்றி இனவுறவுக்குச் சான்றன்று.

ஏறத்தாழ 600 ஆண்டுகள் பின்லாந்து சுவீடன் ஆட்சியின்கீழ் இருந்தது. ஆட்சியும் நீதியும் சுவீடிஷ் மொழியில் நடந்தன. மிக்கேல் அக்ரிகோலா என்னும் சமய அறிஞர் 1543இல் பின்னிஷ் அரிச்சுவடியும், 1548இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பும் வெளியிட்டார். எனினும் அம்மொழி உழவர் இல்லத்தையும் தேவாலயத்தையும் தாண்டி உயர்கல்வி மன்றம் ஏறவில்லை.

1809இல் நாடு உருசியப் பேரரசின் கைக்கு மாறியது. அக்காலத்தே தோன்றினார் எலியாஸ் லொன்ரோத். தையற்காரரின் மகன், தொழிலால் மருத்துவர். கரேலியப் பகுதியின் சிற்றூர்களுக்குச் சென்று, எழுத்தறியா முதியோர் வழிவழியாக நினைவிற் காத்த பாடல்களைக் கேட்டு எழுதினார். அவற்றைக் கோத்து 1835இல் ‘கலேவலா’ காப்பியத்தை வெளியிட்டார். 1849இல் அது 50 பாடல்களும் 22,795 அடிகளும் கொண்டதாக விரிந்தது. இக்காப்பியத்தை ஈழத்தமிழர் ஆர். சிவலிங்கம் தமிழ்க் கவிதையாக்கி 1994இல் வெளியிட்டார்.

‘இம்மொழியில் இலக்கியம் ஏது?’ என்பார்க்கு அந்நூலே விடையாயிற்று. சுவீடன் தொடர்பு தளர்வதை விரும்பிய உருசிய அரசும் இடங்கொடுத்தது. 1863இல் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர், 20 ஆண்டுக்குள் அலுவலகங்களில் பின்னிஷ் மொழிக்குச் சமநிலை அளிக்க ஆணையிட்டார். அவ்வாண்டே யுவாஸ்குலா நகரில் பின்னிஷ் வழி ஆசிரியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. 1870இல் அலெக்சிஸ் கிவி, முதற் பெரும் நாவலைத் தந்தார். 1917 டிசம்பர் 6ஆம் நாள் நாடு விடுதலை முழக்கஞ் செய்தது. சுவீடிஷ் மொழியையும் அது தள்ளிவிடவில்லை. இன்றும் இரண்டும் தேசிய மொழிகளே.

பாடினோர் எழுத்தறியாதோர், தொகுத்தவர் மருத்துவர், உரிமை அளித்தது அரசு. ஆயினும் அவ்வுரிமையை ஊர்தோறும் குழந்தைகளிடம் சேர்த்தவர் பள்ளி ஆசிரியரே. ஆணை ஏட்டில் இருக்கும். மொழி வகுப்பறையில்தான் வாழும். பெப்ருவரி 28ஆம் நாளைக் கலேவலா நாளாகப் பின்லாந்து கொண்டாடுகையில், நம் ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்கத் தக்கது இதுவே.