மும்பை – தமிழ்நாடு ரயில் தடத்தில் தாமதங்களும் தடைகளும்

மும்பையிலிருந்து தமிழ்நாட்டுக்குச் செல்லும் நெடுந்தூர ரயில்கள் எங்கே தாமதமாகும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. லோக்கல் வண்டிகள் நெருக்கியடிக்கும் மும்பை–கல்யாண் பகுதி, கர்ஜத்துக்கும் லோனாவாலாவுக்கும் இடையிலுள்ள போர்காட் மலைச்சரிவு, தௌண்டுக்கு அப்பால் நெடுங்காலம் ஒற்றைப் பாதையாகவே கிடந்த வறண்ட சமவெளி, கடப்பை மாவட்டத்தின் ஆற்றுப் படுகைகள் ஆகிய நான்கில் ஏதோ ஒன்றில்தான் பெரும்பாலும் சிக்கல் பிறக்கிறது. சென்னைக்குப் போகும் வண்டியானாலும் நாகர்கோவிலுக்குப் போகும் வண்டியானாலும் புனே, சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர் வழியாகக் குண்டக்கல் பக்கம் வரை தடம் பெரும்பாலும் ஒன்றே. அதன் பிறகு சில வண்டிகள் ரேணிகுண்டாவை நோக்கியும் சில பெங்களூரை நோக்கியும் பிரிகின்றன. தாதர்–திருநெல்வேலி சாளுக்கியா எக்ஸ்பிரஸோ புனேயிலேயே விலகி மிரஜ், ஹூப்ளி வழியாகச் செல்கிறது.

இத்தடத்துக்கு இரண்டு மழைக்காலங்கள் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மும்பை முனையைத் தாக்கும். அது ஓய்ந்ததும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கடப்பை–அரக்கோணம் முனையைத் தாக்கும். ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் ஏதாவது ஒரு முனை தண்ணீரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

பம்பாயிலிருந்து கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயும் சென்னையிலிருந்து மெட்ராஸ் ரயில்வேயும் போட்டுவந்த பாதைகள் 1871-இல் ராய்ச்சூரில் இணைந்தன. அதற்கு முன்பே, 1863-இல், போர்காட் பாதை திறக்கப்பட்டுவிட்டது. எட்டு ஆண்டு நடந்த அந்தக் கட்டுமானத்தில் காலராவுக்கும் விபத்துக்கும் பலியான தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கானோர். திறந்து நான்கே ஆண்டில், 1867 ஜூலை மழையில், காட் பகுதியின் பாலம் ஒன்று இடிந்து விழுந்தது. இன்றைய தாமத அறிவிப்புகளில் அடிக்கடி அடிபடும் இடத்துக்கு முதல் பெரிய தடையும் ஜூலையில்தான் வந்தது.

போர்காட்டில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தூரத்துக்கு, 37 அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் ஏற்றம். இந்திய அகலப்பாதையில் இது மிகவும் செங்குத்தான ஏற்றங்களுள் ஒன்று. கர்ஜத்தில் வண்டி நின்றதும் பின்னால் ‘பாங்கர்’ என்ஜின்கள் வந்து மாட்டிக்கொண்டு லோனாவாலா வரை தள்ளிவிடும். தமிழ்ப் பயணிகள் பலருக்கும் அந்த நிறுத்தம் சூடான வடை வாங்கும் நேரமாகவே மனதில் பதிந்திருக்கிறது. இறங்கும்போது வண்டி இன்னும் மெதுவாக வரும். இடையிடையே நின்று பிரேக்கைச் சோதித்த பிறகே கீழே விடுவார்கள். மழைக்காலத்தில் பாறை உருண்டு பாதையில் விழும், மண் சரியும், சுரங்கவாயில் அடைபடும். மலைச்சரிவில் கம்பிவலை போர்த்துவது, தளர்ந்த பாறைகளைக் கோடையிலேயே கண்டுபிடித்து உடைத்துத் தள்ளுவது, மழை நாளில் ரோந்து ஆள் போடுவது என்று ரயில்வே ஒவ்வோர் ஆண்டும் முன்னேற்பாடு செய்கிறது. மலையும் ஒவ்வோர் ஆண்டும் புதிய இடத்தில் சரிகிறது.

2019-ஆம் ஆண்டு இதற்குத் தனிப் பாடம். ஜூலை 26 இரவு மும்பையிலிருந்து கிளம்பிய கோலாப்பூர் செல்லும் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ், போர்காட்டை எட்டுவதற்கு முன்பே பத்லாப்பூருக்கும் வாங்கணிக்கும் இடையே உல்ஹாஸ் ஆற்று வெள்ளத்தில் நின்றுபோனது. மறுநாள் பேரிடர் மீட்புப் படையும் கடற்படையும் ஊர்மக்களும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகுகளில் கரைசேர்த்தார்கள். ஆகஸ்டில் மிரஜ், கோலாப்பூர் பக்கம் வெள்ளம். அக்டோபரில் போர்காட்டிலுள்ள மங்கி ஹில்–நாக்நாத் இடையே பாதைக்கு அடியிலிருந்த மண்ணே கரைந்துபோனதால் ஒரு லைன் பல மாதம் மூடிக்கிடந்தது. அந்தப் பருவம் முழுவதும் வண்டிகள் ரத்தாயின, புனேயோடு நின்றன, அல்லது கல்யாணிலிருந்து இகத்புரி, மன்மாட் வழியாகத் தௌண்டுக்குச் சுற்றிப் போயின. அப்படிச் சுற்றும் வண்டி புனேவைத் தொடாது. அங்கே டிக்கெட்டோடு காத்திருப்பவரின் கதி, பிளாட்பாரத்தில் அறிவிப்பு வரும்போதுதான் அவருக்கே தெரியும்.

நகருக்குள் வேறு கதை. தாராவியின் விளிம்பிலுள்ள சயான், அடுத்துள்ள குர்லா, சற்றுத் தள்ளியுள்ள மாதுங்கா எல்லாமே பள்ளமான பகுதிகள். மித்தி ஆறு நிரம்பி, கடலும் ஏற்றத்தில் இருந்தால் தண்டவாளத்தின் மேல் தண்ணீர் நிற்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது நகரமே நின்றது. 2024 ஜூலை 8 அதிகாலையில் சில இடங்களில் ஆறு மணி நேரத்துக்குள் 300 மில்லிமீட்டரைத் தாண்டிய மழையிலும் நெடுந்தூர வண்டிகள் ஆங்காங்கே நிறுத்தப்பட்டன. ஊருக்குப் போகத் தாதரிலோ குர்லா டெர்மினஸிலோ ஏறவேண்டிய செம்பூர்க்காரருக்கு அன்றைக்கு வீட்டிலிருந்து ஸ்டேஷன் போய்ச் சேர்வதே முதல் சோதனை.

மழை இல்லாத நாளிலும் மும்பையின் வாசல் குறுகலானதுதான். காலையில் லோக்கலுக்கே முன்னுரிமை. நேரம் தவறி வந்த மெயில் வண்டிக்குக் கல்யாணுக்குப் பிறகு பாதை எளிதில் கிடைக்காது. தாணே–திவா இடையே ஐந்தாவது, ஆறாவது பாதைகள் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். குர்லாவைத் தாண்டித் தெற்கே தனிப்பாதை இல்லாத நெருக்கடி அதற்குப் பிறகும் நீடித்தது. ஞாயிறு ‘மெகா பிளாக்’ பராமரிப்பு இதற்கு மேல்.

தௌண்ட் முதல் சோலாப்பூர் வரையிலான ஒற்றைப் பாதை பல பத்தாண்டுகள் தாமதத்தின் இன்னொரு ஊற்றுக்கண். எதிரே வரும் வண்டிக்காக ஆளரவமற்ற ஸ்டேஷனில் கிராஸிங் போட்டு நிறுத்துவார்கள். ஒரு வண்டி அரை மணி தவறினால் எதிரும் புதிருமாக நான்கைந்து வண்டிகள் தவறும். புனேயில் மின்சார என்ஜினைக் கழற்றி டீசல் என்ஜின் மாட்டும் வழக்கமும் பல வண்டிகளுக்கு இருந்தது. பிக்வண்–வாஷிம்பே துண்டில் 2022-இல் இரட்டைப் பாதை முடிந்ததும், மின்மயமாக்கலும், இந்தப் பகுதியின் தலைவலியைக் கணிசமாகக் குறைத்தன. வேலை நடந்த வாரங்களில் அதற்காகவே வண்டிகள் ரத்தானதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

கடப்பைப் பக்கத்து ஆபத்து பழையது. 1902 செப்டம்பரில் சென்னையிலிருந்து பம்பாய்க்குக் கிளம்பிய மெயில், மங்கபட்டணம் அருகே வெள்ளம் அடித்துச் சென்ற பாலத்தில் கவிழ்ந்து சுமார் 70 பேர் இறந்தார்கள். நூற்றாண்டு கடந்து, 2021 நவம்பர் 19 அன்று, செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை உடைந்தது. நந்தலூர்–ராஜம்பேட்டை இடையே பாதை அடித்துச் செல்லப்பட்டது. சென்னை–மும்பை வண்டிகள் ரத்தாயின, திருப்பிவிடப்பட்டன.

வானம் தெளிந்திருக்கும்போதும் வண்டி தாமதமாகக் கிளம்பும் காரணம் ஒன்று உண்டு. ரயில்வேக்காரர்கள் அதைப் ‘பேரிங் வண்டி லேட்’ என்பார்கள். நாகர்கோவிலிலிருந்து வந்த அதே பெட்டிகள்தான் கழுவி, சோதித்து, தண்ணீர் நிரப்பித் திரும்பிப் போகவேண்டும். வரவேண்டியது ஐந்து மணி நேரம் பிந்தினால் போகவேண்டியதும் பிந்தும். அட்டவணையில் ‘ரெக்கவரி டைம்’ என்று கொஞ்சம் கூடுதல் நேரம், பெரும்பாலும் கடைசி நிலையத்துக்கு முன்பாக, சேர்த்துவைக்கப்பட்டிருக்கும். நடுவழியில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்த வண்டி முனையத்தை ஏறக்குறைய சரியான நேரத்தில் தொடுவது இதனால்தான். இடையில் இறங்குபவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

1998-இல் முழுமையாகத் திறந்த கொங்கண் ரயில் பாதை வழியாகவும் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் வண்டிகள் செல்கின்றன. அங்கே 2003 ஜூனில் வைபவ்வாடி அருகே ஒரு வண்டி பாறையில் மோதி ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் கரஞ்சாடியில் மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. மழைக்கால வேகத்தைக் குறைத்து, அந்த மாதங்களுக்கென்றே தனி அட்டவணை அச்சிடுவது அங்கே வழக்கம். தாமதத்தை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் இந்த முறை காட் பாதைக்காரர்களுக்குக் கிடைக்காத நேர்மை. அப்படியும் 2024 ஜூலையில் பெர்னெம் சுரங்கத்தில் நீர் புகுந்தும், சில நாட்களில் கேட் என்ற ஊருக்கு அருகே மண் சரிந்தும் பாதை இருமுறை அடைபட்டது.

வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பயணி ஏறாமல் விட்டுவிட்டால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அதற்கு வண்டி கிளம்பும் முன்பே விண்ணப்பிக்கவேண்டும். 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது. தாமதத்துக்குத் தன் கட்டுப்பாட்டை மீறிய காரணம் இருந்ததென்று ரயில்வே நிரூபிக்காவிட்டால் இழப்பீடு தரவேண்டும் என்று கூறி, ஜம்மு சென்ற ஒரு பயணிக்கு 30,000 ரூபாய் வழங்கியதை உறுதிசெய்தது. வெள்ளமும் மண்சரிவும் கட்டுப்பாட்டை மீறியவை என்று வாதிட ரயில்வேக்கு வழி இருக்கிறது. பெட்டி வந்து சேரவில்லை என்பதற்கு அதே வாதம் எளிதில் நிற்காது.

தென்மாவட்டங்களிலிருந்து வந்து தாராவியில் குடியேறியவர்களுக்கு ரத்து என்பது தாமதத்தைவிடக் கொடுமை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் தினசரி வண்டி அல்ல. ஒன்று போனால் அடுத்தது மறுநாளே வரும் என்ற உறுதி இல்லை. பொங்கலுக்கும் மே மாத விடுமுறைக்கும் வெகு நாட்களுக்கு முன்பே பெட்டிகள் நிரம்பிவிடுவதால் மாற்று வண்டியில் இடமும் கிடைக்காது. மும்பையிலிருந்து சேலம், ஈரோடு, கோவை, கேரளம் வழியாகக் கன்னியாகுமரி வரை ஓடிய ஜெயந்தி ஜனதா எக்ஸ்பிரஸ், கொரோனாவுக்குப் பிறகு மீண்டும் ஓடத் தொடங்கியபோது புனே–கன்னியாகுமரி வண்டியாகச் சுருங்கியிருந்தது. அதைப் பிடிக்க நினைக்கும் மும்பைத் தமிழர்கள் பெட்டி படுக்கையோடு இன்னொரு வண்டியிலோ பஸ்ஸிலோ காட் ஏறிப் புனேக்குப் போகவேண்டியிருக்கிறது.