நமுப்பும் சிக்கும்: ஒரு சிப்ஸ் பாக்கெட்டின் வரலாறு

1920களின் தொடக்கத்தில் அமெரிக்க மளிகைக் கடைகளில் உருளைக்கிழங்கு சிப்ஸ் பீப்பாயிலோ கண்ணாடிப் பெட்டியிலோதான் கிடக்கும். கேட்பவருக்கு அள்ளி, காகிதப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். நம்ம ஊர் பெட்டிக்கடை பாட்டில் முறுக்கு மாதிரிதான். மேலே இருப்பதை வாங்கியவர் கொடுத்துவைத்தவர். அடியில் கிடப்பது நொறுங்கி, நமுத்து, எண்ணெய்ச் சிக்கு வாடை அடிக்கும்.

நமுப்பு, சிக்கு ரெண்டையும் சேர்த்து "பழசாயிடுச்சு"ன்னு சொல்லிடறோம். உண்மையில் ரெண்டும் வேற வேற வியாதி. நமுப்பு ஈரத்தால் வருவது. பொரித்தெடுத்த சிப்ஸில் சுமார் 2 சதவீதம்தான் நீர் இருக்கும். அதனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சிக்கு ஆக்சிஜனால் வருவது. சிப்ஸின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அது ஆக்சிஜனோடு சேர்ந்தால் கெடும், வெளிச்சமும் பட்டால் இன்னும் சீக்கிரமாகக் கெடும். பாக்கெட்டின் வரலாற்றை இந்த ரெண்டு வியாதிகளை வச்சுப் படிச்சா, ஏன் ஒவ்வொரு பொருளா மாறிச்சுன்னு புரியுது.

முதல் வைத்தியம் இஸ்திரிப்பெட்டியில் தொடங்கியது. 1926-ல் கலிஃபோர்னியாவின் மான்டரே பார்க்கில் சிப்ஸ் தொழில் ஆரம்பித்த லாரா ஸ்கடர், தன்னிடம் வேலை பார்த்த பெண்களிடம் மெழுகுத் தாள்களைக் கொடுத்தனுப்பினார். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஓரங்களை இஸ்திரி போட்டால் மெழுகு உருகி ஒட்டி, பை தயாராகிவிடும். மறுநாள் அதில் சிப்ஸை நிரப்பி, வாயையும் அப்படியே சூடு வைத்து மூடுவார்கள். இன்றைக்குத் தொழிற்சாலையில் மடமடவென்று பாக்கெட் ஒட்டித் தள்ளும் எந்திரமும் அடிப்படையில் செய்வது அதே வேலைதான். பாக்கெட்டில் தேதி அச்சிட்டதிலும் ஸ்கடர் ஒரு முன்னோடி. என்னைக் கேட்டால் பையைவிட அதுதான் பெரிய விஷயம். மூடிய பையை முகர்ந்து பார்க்க முடியாது. எதை நம்பி வாங்குவது?

மெழுகுத் தாளை மடித்த இடத்தில் மெழுகு விரிசல் விடும், அந்த வழியா ஈரம் புகும். அடுத்து வந்தது செல்லோஃபேன். சுவிஸ்காரரான ஜாக் பிராண்டன்பெர்கர் 1908-ல் மரக்கூழிலிருந்து உருவாக்கியது. அமெரிக்காவில் 1924-ல் டூபாண்ட் தயாரிக்கத் தொடங்கியது. ஆனா அதில் ஒரு வேடிக்கை: தண்ணீரைத் தடுக்கும், நீராவியை விட்டுவிடும். 1927-ல் டூபாண்டின் வில்லியம் ஹேல் சார்ச், நைட்ரோசெல்லுலோஸும் மெழுகும் கலந்த மிக மெல்லிய பூச்சால் அதைத் தீர்த்தார். (மறுபடியும் மெழுகு!) நமுப்புக்கு மருந்து கிடைத்தாச்சு. ஆனால் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிவது விற்பனைக்கு நல்லது, எண்ணெய்க்குக் கெடுதல். வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே போனது. பைக்குள்ளேயே அடைபட்ட காற்றிலும் ஆக்சிஜன் இருந்தது.

சிக்குக்கு மருந்து ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. இத்தாலியில் ஜூலியோ நாட்டா 1954-ல் உருவாக்கிக் காட்டிய பாலிப்ரொப்பிலீனை நீளத்திலும் அகலத்திலும் இழுத்துத் தாளாக்கினால் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். ஆக்சிஜனை அவ்வளவாகத் தடுக்காது. அதனால் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கி அதன்மேல் படியவைத்தார்கள். சில பத்து நானோமீட்டர் தடிமன்தான். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆக்சிஜன், வெளிச்சம் ரெண்டையும் அந்தப் பூச்சு மறித்தது. உள்ளே இருந்த காற்றையும் வெளியேற்றி நைட்ரஜனை நிரப்பினார்கள். "பாதி காத்துதான் விக்கிறான்"னு நாம திட்டுவது அந்த நைட்ரஜனைத்தான். சிப்ஸ் நொறுங்காமல் காக்கும் மெத்தையும் அதுவே. பாக்கெட் பெரிசா தெரியுதுங்கற வியாபார லாபமும் இருக்கு, அதை மறுக்க மாட்டேன்.

இப்படி வியாதிக்கு ஒன்றாகச் சேர்ந்த அடுக்குகளைத் திரும்பப் பிரிக்க வழியில்லை என்பதுதான் சிக்கல். அச்சிட்ட தாள், ஒட்டும் பாலித்தீன், அலுமினியம் பூசிய தாள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. பழைய பேப்பர்க்காரர் பால் கவரை எடை போட்டு வாங்கிக்கொள்கிறார். சிப்ஸ் கவரைத் தொடுவதில்லை. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு பிளாஸ்டிக்கை ரெண்டு வருஷத்தில் நிறுத்தணும்னு மத்திய அரசின் 2016 விதிகள் சொல்லின. 2018 திருத்தம், எரித்து ஆற்றல் எடுக்க முடிந்தாலோ வேறு பயன் இருந்தாலோ போதும் என்று அதைத் தளர்த்திவிட்டது.

மாற்று முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஃப்ரிட்டோ-லே நிறுவனம் தன் சன்சிப்ஸ் வகைக்கு, செடியிலிருந்து கிடைக்கும் பாலிலாக்டிக் அமிலத்தில் செய்த, உரக்குவியலில் மக்கும் பையைக் கொண்டுவந்தது. சிப்ஸ் நமுக்கவில்லை, சிக்கடிக்கவும் இல்லை. ஆனால் பையைத் தொட்டாலே காதைப் பிளக்கும் சத்தம். லாரா ஸ்கடரின் நிறுவனம் ஒரு காலத்தில் தங்கள் சிப்ஸ்தான் உலகத்திலேயே அதிகச் சத்தம் போடுவது என்று பெருமையாக விளம்பரம் செய்தது. இங்கே பை சத்தம் போட்டதை யாரும் ரசிக்கவில்லை. விற்பனை சரிந்தது. 2010 அக்டோபரில், ஒரே ஒரு சுவையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பழைய பையே திரும்ப வந்தது. கனடாவில் மட்டும் நிறுவனம் அதே பையைத் தொடர்ந்தது. சத்தம் பிடிக்காதவர்களுக்குக் காதில் வைத்துக்கொள்ள இலவசமாக அடைப்பான் தருவதாகச் சொன்னது.