இருபதேகால் அங்குலம்

வீட்டிலுள்ள கெட்டிலின் அடியில் 230 வோல்ட், 1500 வாட் என்று போட்டிருக்கிறது. 1500ஐ 230ஆல் வகுத்தால் சுமார் 6.5 ஆம்பியர் மின்னோட்டம். 230ஐ அந்த 6.5ஆல் வகுத்தால், சூடேறும் சுருளின் மின்தடை ஏறக்குறைய 35 ஓம். தண்ணீர் கொதிப்பதற்குள் கணக்கு முடிந்துவிடும். பள்ளியில் ஒரு முக்கோணம் வரைந்து, 'எது வேணுமோ அதை விரலால மறை, மிச்சம்தான் விடை' என்று சொல்லிக்கொடுத்தார்கள். நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தும் அந்த முக்கோணத்தைத் தாண்டி நான் யோசித்ததில்லை.

அந்த முக்கோணம் இல்லாத காலத்துக்குப் போவோம். 1820களில் வோல்ட் கிடையாது, ஆம்பியர் கிடையாது, அளக்க மீட்டரும் கிடையாது. வகுத்தல் எல்லாருக்கும் தெரியும். வகுப்பதற்கு எண்கள்தான் இல்லை.

கேயோர்க் சைமன் ஓம் 1789இல் ஜெர்மனியின் எர்லாங்கெனில் பிறந்தவர். அப்பா பூட்டுத் தொழிலாளி. தானாகவே கணிதம் கற்று, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தவர். மகன் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியரானார். ஆனால் பல்கலைக்கழக வேலை வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு இருந்தது. அதற்கு ஒரு நல்ல ஆய்வு வேண்டும். பள்ளியின் ஆய்வகத்தில் கம்பிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கம்பியின் நீளம் கூடினால் மின்னோட்டம் எப்படிக் குறைகிறது? இதுதான் கேள்வி. 1825இல் பதிலை வெளியிட்டார். மடக்கை (லாக்) வரும் ஒரு சூத்திரம். அது தப்பு.

காரணம் அவர் பயன்படுத்திய வோல்டா மின்கலம். கம்பியை இணைத்ததுமே அதன் வலு விழ ஆரம்பிக்கும். டெஸ்ட் பண்ற சர்வரே ஆடிக்கிட்டிருந்தா, கோடு சரியா தப்பான்னு எப்படிச் சொல்றது? அதே பிரச்சினைதான்.

ஆய்விதழ் ஆசிரியர் போகென்டார்ஃப் ஒரு யோசனை சொன்னார்: வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்திப் பாருங்கள். இரண்டு உலோகங்களை இரு முனையிலும் இணைத்து, ஒரு முனையைச் சூடாகவும் மறுமுனையைக் குளிராகவும் வைத்தால் மின்சாரம் ஓடும் என்று சீபெக் சில வருடங்களுக்கு முன்புதான் கண்டிருந்தார். ஓம் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்தார். ஒரு முனை கொதிக்கும் நீரில், மற்றது பனிக்கட்டியில். இரண்டு வெப்பநிலையும் மாறாது. அதனால் மின்சாரமும் ஆடாது. வலு ரொம்பக் குறைவு, ஆனால் நம்பலாம்.

1826 ஜனவரி. எட்டு செம்புக் கம்பிகள். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். தொங்கும் காந்த ஊசியை மின்னோட்டம் திருப்பிவிடும். பழைய இடத்துக்கு அதைக் கொண்டுவர எவ்வளவு முறுக்க வேண்டியிருந்தது என்பதே அளவு. 2 அங்குலக் கம்பிக்கு ஏறக்குறைய 327 வந்தது. 130 அங்குலத்துக்கு 48 சொச்சம்.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். கம்பி 65 மடங்கு நீண்டிருக்கிறது. அளவோ ஏழில் ஒரு பங்காகத்தான் குறைந்திருக்கிறது. எளிய வகுத்தல் விதி என்றால் இது பொருந்தவே இல்லையே?

ஒவ்வொரு நீளத்தோடும் 20¼ அங்குலத்தைக் கூட்டிப் பாருங்கள். 22¼, 150¼. இப்போது விகிதம் சுமார் 6.75. பொருந்திவிட்டது! எட்டுக் கம்பிகளுக்கும் இதே கதைதான். அந்த இருபதேகால் அங்குலம் எங்கிருந்து வந்தது? கம்பிக்கு வெளியே, கருவிக்குள்ளிருந்து. மின்சாரத்தைத் தரும் மூலத்துக்கும் ஒரு தடை உண்டு. நாலு வருஷப் பழைய போனில் 20 சதவீத சார்ஜ் காட்டும்போதே கேமராவைத் திறந்தால் பொசுக்கென்று அணைகிறதே, அதன் பேட்டரிக்குள் வளர்ந்திருப்பதும் இந்த வகைத் தடைதான்.

1827இல் பெர்லினில் புத்தகம் வந்தது. எதிர்பார்த்த பல்கலைக்கழக வேலை வரவில்லை. கொலோன் வேலையையும் விட்டுவிட்டார். லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் காப்ளி பதக்கம் தந்த பிறகுதான் அவர் பெயர் நிமிர்ந்தது. மியூனிக்கில் இயற்பியல் பேராசிரியர் பதவி கிடைத்தது 1852இல். 1854இல் இறந்துவிட்டார்.

ஓமுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் இதே விதியைத் தொட்டிருந்தார். மீட்டர் இல்லாததால், உப்புக் கரைசல் நிரப்பிய குழாய்கள் வழியே வரும் மின்னதிர்ச்சியைத் தன் உடம்பிலேயே வாங்கி அளந்தவர். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. மேக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளைப் பதிப்பித்தது 1879இல். அதற்குள் தந்திக் கம்பி கடலுக்கடியில் கண்டம் தாண்டிவிட்டது.

ஒருவர் சரியாகக் கண்டுபிடித்து அலமாரியில் வைத்தார். இன்னொருவர் ஊரறியத் தப்பு செய்தார், அடுத்த வருஷமே ஊரறியத் திருத்தினார். 1881இல் பாரிஸ் மின்னியல் மாநாடு மின்தடையின் அலகாக ஏற்றது இரண்டாமவரின் பெயரைத்தான்.

வாட் கணக்கின் மீதிப் பாதியை மான்செஸ்டர் பக்கத்து மதுவடிப்பாளர் மகன் ஜேம்ஸ் ஜூல் முடித்தார். கம்பிச் சுருளைத் தண்ணீருக்குள் வைத்து மின்சாரம் பாய்ச்சி, வெப்பமானியைப் பார்த்தார். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் மின்தடையையும் பொறுத்தது என்று 1841இல் வெளியிட்டார். ஓமின் விதியோடு சேர்த்தால், வோல்ட் பெருக்கல் ஆம்பியர் என்பது வாட்.

தண்ணீருக்குள் சுருள், அதில் மின்சாரம். ஜூலின் சோதனையில்தான் நான் தினமும் டீ போடுகிறேன்.