ஜே கே பி ஓ அரைப்புள்ளி

2004ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு பையன் வந்து எங்கள் பத்திரிகையின் கணினியை ‘பார்மட்’ செய்துவிட்டுப் போனான். விண்டோஸ் 98 போய் எக்ஸ்பி வந்தது. ‘இனிமே ஹேங் ஆகாது சார்’ என்றான். உண்மைதான், ஆகவில்லை. மறுநாள் பழைய ஃப்ளாப்பி ஒன்றைச் செருகிப் பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்தபோது, இந்த எழுத்துரு இல்லை, வேறொன்றை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. சரி என்றோம். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் டாலர் குறிகளுமாக வந்து நின்றன. தமிழில் ஒரு எழுத்துகூட இல்லை.

அந்த ஃப்ளாப்பிகளில் என்ன இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1997, 98 ஆண்டுகளில் கீழத்தஞ்சைக்குப் போய் விவசாயக் கூலிகளாக இருந்த முதியவர்கள் 30க்கும் மேற்பட்டோரின் பேச்சை ஒலிநாடாவில் பதிந்து வந்தோம். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முந்தைய கூலிப் போராட்டங்களில் கலந்துகொண்டவர்களின் பேச்சு அது. ஒலிநாடாவைக் கேட்டுக் கேட்டு எழுதி, தட்டச்சு செய்து வைத்திருந்தோம். பத்திரிகையில் இடம் பெற்றது 6 பேரின் பேச்சு மட்டுமே. மற்றவை ‘அடுத்த இதழில்’. அந்த அடுத்த இதழின் கதை சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் புதிதல்ல. நாடாக்களின் மேல் வேறு கூட்டங்களின் உரைகளைப் பதிந்துவிட்டோம், நாடா வாங்கக் காசில்லை. கையெழுத்துப் படிகளை வீடு மாற்றும்போது எடைக்குப் போட்டாயிற்று. அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்ற தைரியம்.

எழுத்துருவைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் நினைத்தோம். அந்த எழுத்துருவை எங்களுக்குக் கொடுத்தவர் ஒரு டிடிபி சென்டர்காரர். விற்பனைக்கு இருந்த ஒன்றை வாங்கி, தன் வசதிக்கு நாலைந்து எழுத்துகளை இடம் மாற்றி வைத்திருந்தார். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பலவற்றுக்குக் கணினியின் பின்புறம் செருகும் பூட்டு ஒன்று உண்டு, ‘டாங்கிள்’ என்பார்கள். அதை உடைத்துக் கொடுப்பவர்களிடம்தான் எங்களைப் போன்றவர்கள் வாங்கினோம். ஏகாதிபத்தியத்துக்கு எதிராக இதழ்தோறும் எழுதிய நாங்கள் இயங்குதளம் முதல் எழுத்துரு வரை திருட்டுப் பிரதியில்தான் ஓட்டினோம் என்பதை இப்போது சொல்வதில் வெட்கமில்லை. டிடிபிக்காரர் கடையை மூடிவிட்டு எங்கோ போயிருந்தார். எழுத்துரு இருந்த ஒரே இடம் அந்தப் பையன் துடைத்துவிட்டுப் போன வன்தட்டு. பிழை எங்களுடையது, பிரதி எடுத்து வைக்கவில்லை.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. இயங்குதளம் மாறினால் மொழி எப்படிக் காணாமல் போகும்?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அந்தக் காலக் கணினியில் ஓர் எழுத்துக்கு 8 பிட், மொத்தம் 256 இடங்கள். முதல் 128 ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் கட்டளைக் குறிகளுக்கும் போயிற்று. மிச்சம் 128. தமிழுக்கோ ஆய்தத்தையும் சேர்த்து 247, கிரந்தம் தனி. எனவே எழுத்தை உடைத்தார்கள். கொம்பு தனி, கால் தனி, உகர ஊகார வடிவங்கள் முடிந்த இடங்களில். அச்சுக்கோப்பவரின் கட்டங்களில் கிடந்த ஈய எழுத்துகளைப் போலத்தான், அதில் புதுமை ஏதுமில்லை. எந்தத் துண்டை எந்த இடத்தில் வைப்பது என்பதை எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்குத் தீர்மானித்தார் என்பதில்தான் சிக்கல். பலர் ஆங்கில எழுத்துகளின் இடத்தையே எடுத்துக்கொண்டார்கள். ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடமும் பெரிதும் புழங்கிய பாமினி எழுத்துரு, தட்டச்சுப் பொறியின் வரிசையை ஒட்டி அப்படிச் செய்யப்பட்டதுதான். அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அவ்வளவுதான். அதன்மேல் தமிழின் படம் போர்த்தப்பட்டிருக்கிறது. படத்தை உருவினால் ஜேயும் கேயும் வெளியே வருகின்றன.

அதாவது நாங்கள் 7 வருடம் தமிழில் எதையும் சேமிக்கவே இல்லை. சசூரைப் பற்றியும் குறிப்பான், குறிப்பீடு பற்றியும் பக்கம் பக்கமாக விவாதித்தவர்கள் நாங்கள். குறிக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு இடுகுறித்தன்மை கொண்டது என்று மேடையில் பேசிவிட்டு வந்து எந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்தோமோ, அதற்குள் அந்த இடுகுறி உறவு எங்களை வைத்தே விளையாடிக்கொண்டிருந்தது. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, 1990களில் நாம் திரும்பத் திரும்ப எழுதிய சொல் ‘தலித்’. மூன்று நண்பர்கள் மூன்று எழுத்துருக்களில் அடித்து அனுப்பிய கட்டுரைகளில் அது ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று ஆங்கிலக் கிறுக்கல். தேடினால் கிடைக்காது. அகரவரிசைப்படுத்தினால் ஆங்கில வரிசையில் போய் நிற்கும். தொகை நூலுக்குச் சொல்லடைவு தயாரிக்க முயன்று கைவிட்டது அதனால்தான் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

தெரிந்தவர்கள் இருந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் முன்வைத்தது, அரசு ஏற்றது. இணையத்தில் கூடிய தமிழர்கள் தங்களுக்குள் பேசி டிஸ்கி என்ற ஒன்றைச் செய்தார்கள். ஆக ஒழுங்குபடுத்தப் போனதில் ஒழுங்குகளின் எண்ணிக்கை கூடியது! இதற்கெல்லாம் முன்பே, 1991இல் வெளியான யூனிகோடில் தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டாயிற்று. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி அட்டவணையை அடியொற்றி 128 இடங்கள். எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே சட்டகம் என்ற தில்லிப் பார்வை அப்படியே உலகத் தரமாயிற்று. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் வேண்டுமென்று தமிழறிஞர்கள் பின்னால் வாதாடினார்கள். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு யூனிகோடையும் அப்படிப்பட்ட டேஸ் 16 என்பதையும் சேர்த்தே தரமாக அறிவித்தது. வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பேருந்து புறப்பட்ட பிறகு நடந்த வாதம் அது.

விண்டோஸ் 2000 என்ற இயங்குதளத்தில்தான் லதா எழுத்துருவோடு தமிழ் யூனிகோட் வந்து சேர்ந்தது. எக்ஸ்பியில் அமைப்புக்குள் நுழைந்து ஒரு கட்டத்தில் டிக் அடித்து, குறுந்தகட்டைப் போட்டால்தான் அது வேலை செய்யும். எங்களுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. பேஜ்மேக்கருக்கோ யூனிகோடே தெரியாது; 2001இல் வந்த ஏழாவது பதிப்போடு அதன் ஆயுள் முடிந்தது. ஆகவே புது இயங்குதளத்தில் பழைய பேஜ்மேக்கர், அதில் இன்னொரு எழுத்துரு என்று 4 வருடம் ஓட்டினோம். இன்னொரு 4 வருடத்துக் குப்பையையும் சேர்த்தோம் என்று வாசிக்கவும்.

எங்களுக்கு அடித்துக் கொடுத்தவர் ஒரு பெண். பெயர் வேண்டாம். தட்டச்சில் தமிழ் ஹையர் தேறியவர், தட்டச்சுப் பயிலகத்தில் ‘யளனகபக’ என்று விரல்களைப் பழக்கி வந்த தலைமுறை. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. 2008இல் நாங்கள் லினக்ஸுக்குப் போவது என்று முடிவெடுத்தபோது அவரைக் கேட்கவில்லை. கட்டற்ற மென்பொருள் என்பது சொத்துடைமை பற்றிய கேள்வி, அதில் உறுதியாக நிற்க வேண்டும் என்று ஓர் இரவு முழுக்கப் பேசினோம். முந்தைய ஆண்டில் அரசு நிறுவனமான எல்காட்டே லினக்ஸுக்கு மாறியிருந்தது எங்களுக்குத் தெம்பாக இருந்தது. பேசியவர்கள் யாரும் தட்டச்சு செய்பவர்கள் இல்லை.

லினக்ஸில் யூனிகோட், தமிழ் 99. மறுநாள் அவர் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ‘சார், கொம்பை முதல்ல அடிச்சா வரமாட்டேங்குது.’

இந்த ஒரு வரியை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். கையால் எழுதும்போது ‘கெ’ என்பதில் கொம்பைத்தான் முதலில் போடுகிறோம். அச்சுக்கோப்பவரும் அப்படித்தான் கோத்தார், தட்டச்சுப் பொறியும் அப்படித்தான். யூனிகோடில் ககரம் முதலில், எகரக் குறி பின்னால். திரையில் காட்டும்போது இயந்திரம் அதை முன்னால் தள்ளிக்கொள்கிறது. உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்ற தொல்காப்பியத்தின் கணக்கோடு இது ஒத்துப்போகிறது, எனவே இதுவே தமிழ் மரபு என்று ஒரு நண்பர் உற்சாகப்பட்டார். இருக்கட்டும். எழுத்து என்பது காதில் கேட்பதா, கையால் போடுவதா என்ற கேள்வியில் காதின் பக்கம் தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது. தண்டனை அனுபவித்தது அவருடைய கை. 15 வருடப் பழக்கத்தை 15 நாளில் மறக்கச் சொன்னோம். ஒரு நாளைக்கு 12 பக்கம் அடித்தவர் 3 பக்கத்துக்கு வந்தார். கூலி பக்கக் கணக்கு என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, ‘வேற ஆள் பாத்துக்குங்க சார்’ என்று நின்றுகொண்டார். பழைய தட்டச்சு வரிசையிலேயே யூனிகோட் அடிக்க விசைப்பலகைகள் உண்டு என்று ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

மற்ற அவஸ்தைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அச்சுப்பொறி வேலை செய்யவில்லை. பக்கம் வடிவமைக்க நாங்கள் எடுத்துக்கொண்ட கட்டற்ற மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. கொம்பு தனியாகவும் அதன் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டமும் வந்தன. அச்சகத்து முதலாளி பக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘இந்த வட்டமெல்லாம் டிசைனா தோழர்?’ என்றார். கடைசியில் பக்க வடிவமைப்புக்கு மட்டும் ஒரு விண்டோஸ் கணினியைத் திரும்பக் கொண்டுவந்தோம். கொள்கைச் சறுக்கல் என்று ஒரு தோழர் விலகிப் போனார். அவர் இன்றுவரை கணினியைத் தொட்டதில்லை, அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

எங்கள் சாமர்த்தியக் குறைவு மட்டுமே இது என்று சொல்ல முடியாது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்குப் போவதென்று முடிவெடுத்தது. 2013இல், ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்தது. 2017இல் விண்டோஸுக்கே திரும்புவது என்று நகர்மன்றம் வாக்களித்தது. பணமும் அரசியல் ஆதரவும் இருந்த நகரம் அது. அங்கேயும் பெரிய தலைவலி இயங்குதளமல்ல, அதன்மேல் அலுவலகங்கள் பல வருடமாகக் கட்டி வைத்திருந்த படிவங்களும் வார்ப்புருக்களும் குறுநிரல்களும். இயங்குதளத்தை ஒரு நாளில் மாற்றிவிடலாம், பழைய தாள்களை அப்படி மாற்ற முடியாது.

எங்கள் தாள்களுக்கு வருகிறேன். பழைய எழுத்துருக்களை யூனிகோடாக மாற்றும் நிரல்களைத் தன்னார்வலர்கள் பலர் எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். பாமினியில் இருந்த கட்டுரைகள் அப்படி நொடியில் மீண்டன. எங்கள் கீழத்தஞ்சைக் கோப்புகள் மீளவில்லை. டிடிபிக்காரர் இடம் மாற்றி வைத்த எழுத்துகளின் அட்டவணை எந்த நிரலிலும் இல்லை.

2013இல் அவரைத் தேடிப் போனேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தார். கிறுக்கலாகவே அச்சிட்ட 2 பக்கங்களைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரல்கள் மேசையில் அசைந்தன. பிறகு படிக்கத் தொடங்கினார். ஜே, கே, பி, ஓ என்றல்ல. ‘அப்பல்லாம் கூலி மரக்கால்லதாங்க அளப்பாங்க, அந்த மரக்காலே சின்ன மரக்கால்’ என்று ஒரு கிழவரின் குரலைப் படித்தார். எந்த விசையை அழுத்தினால் எந்த எழுத்து என்பது அவருடைய விரலில் இருந்தது. நாங்கள் அலைந்து திரிந்து தேடிய அட்டவணை அதுதான்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார். பக்கத்துக்கு இவ்வளவு என்று அவரே கூலி சொன்னார், நாங்கள் பேரம் பேசவில்லை. அவர் படிப்பார், நான் யூனிகோடில் அடிப்பேன், இரண்டு விரலால். ‘இவ்ளோ மெதுவாவா சார் அடிப்பீங்க’ என்பார். அரிதாக வரும் சில எழுத்துகளை அந்நாளில் ஆல்ட் விசையை அழுத்தி எண்களால் அடிக்க வேண்டும். எண்களின் பட்டியல் கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தது, சுண்ணாம்பு அடித்தபோது போயிற்று. அந்த எழுத்துகள் வரும் இடத்தில் அவர் நிறுத்துவார். பெரும்பாலும் சொல்லின் பொருளை வைத்து ஊகித்துவிடலாம். பெயர்களில்தான் முடியவில்லை. 22 பேரின் பேச்சை மீட்டோம். அதில் ஒரு பாட்டியின் பெயரிலும் ஓர் ஊரின் பெயரிலும் நடு எழுத்து இல்லை. ஊர்ப்பக்கம் போய் விசாரித்ததில் அந்தக் குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். புத்தகமாகப் போடும்போது அந்த இடத்தில் கட்டம் போடுவதா, வெறுமனே விடுவதா என்று இன்னும் முடிவாகவில்லை.